கீரை கடையா, கீரைக்கடையா?

‘கீரை கடை’ என்று எழுதினால் அது ஒரு கட்டளை. சட்டியில் வெந்திருக்கும் கீரையை மத்தால் மசியக் கடையச் சொல்வது. ‘கீரைக்கடை’ என்று எழுதினால் அது கீரை விற்கும் இடம். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு ‘க்’. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் செய்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லிவந்த எடுத்துக்காட்டுகள் இவை. இன்றைக்கு வாட்ஸ்அப் செய்தியிலும் முகநூல் பதிவிலும் யூடியூப் தலைப்பிலும் வரும் தமிழில், இருக்க வேண்டிய அந்த ஒற்று இருப்பதில்லை. வரக்கூடாத இடத்தில் வேறோர் ஒற்று முளைத்திருக்கிறது.

முளைத்த ஒற்றுக்கு நல்ல உதாரணம் ‘முயற்ச்சி’. இதன் கூடப்பிறந்தவை ‘பயிற்ச்சி’, ‘அதற்க்கு’, ‘கற்ப்பனை’. இணையத்தில் தமிழ் படிப்பவர்கள் இவற்றைப் பார்க்காமல் ஒரு நாளைக் கடத்துவது கடினம். ‘ற்’ வல்லின மெய். அதை ஒட்டி இன்னொரு மெய் வந்து நிற்கத் தமிழில் இடமில்லை. ய், ர், ழ் என்ற மூன்று மெய்களுக்கு மட்டுமே அந்த இடம் உண்டு: காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி. மகிழ்ச்சியை எழுதிப் பழகிய கை, முயற்சியிலும் ஒரு ‘ச்’ சேர்த்துவிடுகிறது. எழுதுபவர் சோம்பேறி என்று இதற்குப் பொருளில்லை. விதியை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

முன்பு அந்த விதி, எழுத்தின் பெயருக்குள்ளேயே இருந்தது. ‘ண’வை டண்ணகரம் என்றும், ‘ந’வைத் தந்நகரம் என்றும், ‘ன’வை றன்னகரம் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். ட-வுக்கு முன்னால் வருவது ண். த-வுக்கு முன்னால் ந். ற-வுக்கு முன்னால் ன். ஆண்டு, பந்து, கன்று. பெயரைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து வரும் இடமும் தெரியும். பிறகு ‘ரெண்டு சுழி ன’, ‘மூணு சுழி ண’ என்ற பெயர்கள் பரவின. அவை எழுத்தின் உருவத்தைச் சொல்கின்றன. எங்கே வரும் என்பதைச் சொல்வதில்லை. ‘ஆன்டு’, ‘மன்டபம்’ எல்லாம் வந்து சேர்ந்த வழி இதுதான்.

இதில் காது கைகொடுக்கும் என்று நம்பவும் முடியாது. ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும் இன்றைய பேச்சில் ஒலி வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ர, ற வேறுபாடும் பல வட்டாரங்களில் தேய்ந்துவிட்டது. ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி ஒலிப்பவர்கள் ஏராளம். ‘வெந்நீர்’ என்பதில் வருவது எந்த ‘ந’ என்பதை அந்தச் சொல்லைப் பலமுறை படித்த கண்தான் சொல்ல வேண்டும். ஆகவே கண் எதைப் படிக்கிறது என்பது முக்கியம். ஒரு காலத்தில் அந்தக் கண் பெரும்பாலும் படித்தது பாடப்புத்தகமும் நாளிதழும் வார இதழும். இன்று அது நாள் முழுக்கப் படிப்பது கைப்பேசித் திரை. அங்கே ‘வென்னீர்’ நூறு முறை கண்ணில் பட்டால், அதுவே சரியென்று மனத்தில் பதிந்துவிடும்.

தட்டச்சு முறைக்கும் இதில் பங்கு உண்டு. பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஓர் ‘எல்’. அதைத் தட்டினால் ல, ள, ழ மூன்றில் ஏதோ ஒன்று வரும். பலம், பழம், பள்ளம் என்று செயலி வரிசையாகக் காட்டும். அவசரத்தில் விரல் முதலில் இருப்பதைத் தொட்டுவிடும். ஒருவர் தவறாக எழுதிப் பழகிய சொல்லையே மறுமுறை முன்னால் கொண்டுவந்து நீட்டும் செயலிகளும் உண்டு.

இதற்கு மாறான வழி ஒன்று கால் நூற்றாண்டாகக் கையருகில் இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்தது தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். ‘ம’வை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் ‘ம’வின் தலையில் புள்ளி தானாக விழும். ‘ண’ தட்டி ‘ட’ தட்டினால் ‘ண்ட’ என்று வரும். ‘ன’ தட்டி ‘ட’ தட்டினால் புள்ளி விழாது. ‘னட’ என்றே நிற்கும். டண்ணகரம் என்ற பழைய பெயருக்குள் இருந்த விதியை இந்த விசைப்பலகை விரலுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் இருக்கின்றன. ‘ஔ’ தனி எழுத்து. விசைப்பலகையில் அதைத் தேடிப் பிடிக்க முடியாதவர்கள் ‘ஒ’ தட்டிப் பக்கத்தில் ‘ள’ தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ முன்னது ஓர் எழுத்து, பின்னது இரண்டு. ‘ஔவையார்’ என்று சரியாக எழுதி ஓர் ஆவணத்தில் தேடினால், ‘ஒளவையார்’ என்று தட்டிவைத்த பக்கம் கிடைக்காமல் போகும். அகரவரிசைப் பட்டியலிலோ ‘ஒளி’ என்ற சொல்லின் அருகே ஔவையார் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஓலைச்சுவடியோடு மல்லுக்கட்டிய பதிப்பாசிரியர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. ஓலை கிழிந்துவிடும் என்று எழுத்தாணி பிடித்தவர்கள் புள்ளி வைப்பதில்லை. காலும் ரகரமும் ஒரே உருவில் இருக்கும். எகரமா ஏகாரமா என்று தெரியாது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்கு முன், பல ஏடுகளை ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகப் பாடம் தேர்ந்தார். எழுதுபவர் கை தவறுவது அன்றும் இருந்தது. ஆனால் எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நடுவே இன்னொருவர் இருந்தார். ஆறுமுக நாவலரின் பதிப்புகள் பிழையற்றவை என்று பேர் வாங்கியது அந்த இன்னொருவரின் உழைப்பால்தான். பத்திரிகை அலுவலகங்களில் அச்சுக்குப் போகும் பக்கங்களை வரி வரியாகப் படித்த மெய்ப்புத் திருத்துநர்கள் அதே வேலையைச் செய்தவர்கள். இணையத்தில் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. எழுதிய மறுநொடி எழுத்து உலகத்துக்குப் போய்விடுகிறது.

எல்லாவற்றையும் பிழை என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. ‘வந்துட்டான்’, ‘போயிருச்சு’ எல்லாம் பேச்சுத் தமிழ். கி.ராஜநாராயணன் கரிசல்காட்டுப் பேச்சை எழுத்தில் கொண்டுவந்தபோது தமிழ் வளம் பெற்றது. ‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா என்பதில் இலக்கணம் படித்தவர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. அவற்றை ‘முயற்ச்சி’யோடும் ‘மன்டப’த்தோடும் சேர்க்க முடியாது.

சரி செய்ய விரும்புவோருக்குக் கருவிகள் உண்டு. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் கணித்தமிழ் ஆர்வலர், சந்திப்பிழைக்கு ‘நாவி’யையும் எழுத்துப்பிழைக்கு ‘வாணி’யையும் உருவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார். ஆனால் ‘கீரை கடை’, ‘கீரைக்கடை’ இரண்டுமே சரியான தமிழ். எழுதியவர் மனத்தில் இருந்தது சட்டியா, சந்தையா என்பதை எழுதியவர்தான் சொல்ல முடியும். ந, ன வேறுபாட்டில் உதவாத காது, ஒற்று மிகுமா என்று அறியப் போதும். ‘அந்தக் கடை’, ‘எந்தச் சட்டை’, ‘பாலைக் குடி’, ‘ஊருக்குப் போ’ என்று வாய்விட்டுச் சொன்னால் ஒற்றின் அழுத்தம் தானாகக் கேட்கும். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின்னும், ஐ, கு என்ற வேற்றுமை உருபுகளுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். இவ்வளவு தெரிந்தாலே அன்றாடம் எழுதும் தமிழில் ஒற்றுப்பிழைகள் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதைக் காலம் தாழ்த்தாமல் செய்ய இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலிகளும், கேள்வி கேட்டால் தமிழில் பதில் எழுதும் மென்பொருள்களும் இணையத்தில் குவிந்திருக்கும் தமிழைப் படித்தே தமிழ் கற்கின்றன. அங்கே கிடக்கும் பிழையையும் அவை பாடமாகவே எடுத்துக்கொள்ளும்.

காலியான நாற்காலியில் தாமாக வந்து உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் திறந்து, விடுபட்ட ஒற்றைச் சேர்த்துவிட்டுப் போகிறார். சம்பளம் இல்லை, அச்சில் பெயர் வருவதும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. யார், எந்த நாளில், எத்தனை பைட்டு கூட்டினார் என்ற கணக்கு அதில் இருக்கும். ஒரு ‘க்’ மட்டும் சேர்த்தவரின் வரியில் ‘+6’ என்று பதிவாகும்: ‘க’வுக்கு 3 பைட்டு, அதன் தலையில் இட்ட புள்ளிக்கு 3 பைட்டு.