கண்ணாடி இல்லாத சட்டகம்

கல்வராயன் மலையில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. அதன் சார்னோக்கைட் பாறைகள் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானவை. மலையை விட்டு இறங்கிப் போனால் கதையே வேறு. கிழக்கே திருவக்கரையிலும் தென்கிழக்கே சாத்தனூரிலும் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன; சாத்தனூர்க் கல்மரத்தின் நீளம் 18 மீட்டர். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் பழங்கடலின் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன.

இத்தகைய புதைபடிவத்தையோ பழைய காசு போன்ற பொருளையோ சட்டகத்தில் காட்சிக்கு வைப்பதென்றால் அதன் தன்மை தெரிந்திருக்க வேண்டும். கல்மரம் வெயிலையும் மழையையும் தாங்கும். மரத்தின் திசுக்களில் சிலிக்கா ஊறி இறுகியதுதான் காரணம். அம்மோனைட்டின் ஓடு அப்படியல்ல. அது கால்சியம் கார்பனேட்; அமிலம் பட்டால் அரிபடும். மரப்பலகையிலிருந்தே அசிட்டிக் அமில ஆவி கசியும் என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடி போட்டு இறுக மூடிய பெட்டியில் அந்த ஆவி தங்கி, ஓட்டின் மேல் வெள்ளைப் பொடி பூக்கச் செய்யும். திறந்த சட்டகத்தில் அது காற்றோடு போய்விடும். கண்ணாடி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கண் கூசும் பிரதிபலிப்பும் இருக்காது.

சட்டகம் செய்ய வெளியூர் போக வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைச் செய்யும் தச்சர்களிடம் கல்லின் கனத்தைவிட ஆழமான பெட்டிச் சட்டகம் கேளுங்கள். பலகைக்கும் கல்லுக்கும் இடையில் அலுமினியத் தாள் ஒட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடி இல்லாதபோது பொருளைக் காப்பது பிடிமானம் மட்டுமே. பசை போட்டு ஒட்டவே கூடாது. பிறகு கழற்ற நேர்ந்தால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து உரியும். பித்தளைக் கம்பியில் மூன்று கொக்கி வளைக்கலாம். கீழே இரண்டு எடையைத் தாங்கும். மேலே ஒன்று முன்னால் சாயாமல் பிடிக்கும். கம்பிக்குப் பாலித்தீன் குழாய் உறை போடுங்கள். கைக்கு எளிதாக வரும் சைக்கிள் வால்வு டியூப் ஆகாது: ரப்பரிலிருந்து வரும் கந்தகம் பழைய வெள்ளிக் காசைக் கறுக்க வைக்கும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம்.

திருவக்கரை, சாத்தனூர்ப் பூங்காக்களிலிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. நூறு வயதைக் கடந்த கைவினைப் பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். சிலவகைப் பொருள்களைப் பதிவு செய்தாக வேண்டும்.

ஓலைச்சுவடியை மட்டும் இப்படித் திறந்து வைக்காதீர்கள். வெளிச்சமும் பூச்சியும் அதை விட்டுவைக்காது.