நாற்காலி இல்லாத பத்து நிமிடம்

முந்தைய நாள் ரிஜெக்ட் ஆன பாகங்கள் ஒரு மேசைமேல் கிடக்கின்றன. சுற்றிலும் லைன் ஆட்கள், சூப்பர்வைசர், தரப் பிரிவுக்காரர், மெயின்டனன்ஸ் ஆள். யாருக்கும் நாற்காலி கிடையாது. ஜப்பானில் டொயோட்டா குழுமத் தொழிற்சாலைகளில் நடக்கும் இந்தக் கூட்டத்துக்கு ‘அசாய்ச்சி’, அதாவது காலைச் சந்தை என்று பெயர். பாகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் குறைகளை மூன்றாகப் பிரிக்கும் முறையை ஜப்பானிய மேலாண்மை நிபுணர் மசாக்கி இமாய் எழுதியிருக்கிறார். காரணம் தெரியும், இன்றே சரிசெய்யலாம் என்றால் ‘ஏ’. காரணம் தெரிந்தும் உடனே கைவைக்க முடியாதது ‘பி’. காரணமே பிடிபடாதது ‘சி’. ‘சி’ ரகத்தைக் கூட்டத்திலேயே தீர்க்கப் பார்த்தால் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும். அதற்குரிய இரண்டு மூன்று பேர் தனியே உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

டொயோட்டாவின் உற்பத்தி முறைக்கு ‘லீன்’ என்ற பெயர் 1988-ல் ஜான் கிராஃப்சிக் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. தினசரிக் கூட்டம் பிறகு மருத்துவமனை வார்டுகள் வரை போய்ச் சேர்ந்தது. மென்பொருள்காரர்களின் ‘ஸ்க்ரம்’ முறையிலும் 15 நிமிடக் கூட்டம் உண்டு.

ஏன் நிற்க வேண்டும்? அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் ஆலன் புளூடார்ன் குழுவினர் 111 சிறு குழுக்களை வைத்துப் பார்த்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். உட்கார்ந்து பேசியவர்களுக்கு 34 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. எடுத்த முடிவுகள் ஒன்றும் மேலாக இல்லை. நிற்பதன் பயன் இவ்வளவுதான். முட்டிவலிக்காரருக்கு ஒரு ஸ்டூல் போட்டால் குடி முழுகிவிடாது.

உண்மையான வேலை, கூட்டம் நிற்கும் இடத்திலுள்ள போர்டில் நடக்கிறது. பாதுகாப்பு, தரம், டெலிவரி, செலவு என்று நாலு தலைப்பு. பல ஆலைகளில் பாதுகாப்புக்கு ‘எஸ்’ எழுத்து வடிவில் 31 கட்டங்கள் வரைந்திருப்பார்கள்; நாளுக்கு ஒரு கட்டம், பச்சை அல்லது சிவப்பு. பக்கத்தில் பிரச்சினை, பொறுப்பாளர், தேதி என மூன்று பத்திகள். மூன்றாம் நம்பர் பிரஸ் நேற்று 40 நிமிடம் நின்றது என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பாளர் பத்தியில் ‘மெயின்டனன்ஸ்’ என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும், அந்த ஆளும் அங்கே நிற்க வேண்டும்.

லைனில் முடியாதது அடுத்த அரை மணியில் பிரிவுத் தலைவர்கள் நிற்கும் போர்டுக்கு ஏறும். அங்கும் முடியாவிட்டால் ஆலைத் தலைவரிடம். அவர் சொன்ன பதில் மறுநாள் காலை லைனுக்குத் திரும்பி வர வேண்டும். பெரும்பாலும் அறுந்துபோவது இந்தத் திரும்பும் வழிதான். ‘ஜன்னல் ஃபேன் ஓடவில்லை’ என்று மூன்று நாள் சொல்லியும் பதில் இல்லையென்றால், நான்காம் நாள் எவரும் வாய் திறக்கமாட்டார். போர்டு பச்சையாகவே இருக்கும்.

ஒரு மாதம் முழுக்கப் பச்சையாக இருந்தால் மேலதிகாரிக்கு மகிழ்ச்சி வரக் கூடாது, சந்தேகம் வர வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கியில் டொயோட்டா ஆலைக்குத் தலைமை வகித்த ஃபுஜியோ சோவிடம், அமெரிக்க மேலாளர் ஒருவர் கூட்டந்தோறும் தன் சாதனைகளைச் சொல்லிவந்தார். நீங்கள் திறமைசாலி என்பது தெரிந்துதானே வேலைக்கு எடுத்தோம், உங்கள் பிரச்சினைகளைச் சொல்லுங்கள், சேர்ந்து தீர்ப்போம் என்ற பொருளில் சோ அவரிடம் கேட்டாராம்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது சென்னையின் சுந்தரம் கிளேட்டன், 1998-ல். ஆனாலும் பல பட்டறைகளில் ‘மார்னிங் மீட்டிங்’ என்றால், சூப்பர்வைசர் அன்றைய டார்கெட்டை வாசிப்பதும், நேற்று பிழை செய்தவரை நாலு பேர் முன் நிறுத்திக் கேட்பதும்தான். அதற்குக் கூட்டமே வேண்டாம், நோட்டீஸ் போர்டு போதும்.

தொடங்க நினைப்பவர்கள் நேரத்தை முதலில் கணக்கிட வேண்டும். இரவு ஷிப்ட் ஆட்களுக்குத்தான் ராத்திரி நடந்தது தெரியும். அவர்களில் ஒருவராவது இருந்தாக வேண்டும். கம்பெனி பஸ் புறப்பட்ட பிறகு கூட்டம் வைத்தால் யார் நிற்பார்கள்? அந்தப் பத்து நிமிடம் ஷிப்டுக்குள், சம்பள நேரத்துக்குள் இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்து.