மின்மினிகள் கூடும் பெரெம்பாங்: மருதாணிக்கு உறவான மரம்

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் இரவுப் படகேறும் பலரும் மின்மினிகளைப் பார்க்கிறார்கள். அவை அமர்ந்திருக்கும் மரத்தைக் கவனிப்பதில்லை. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் ஆற்றங்கரையில் வளரும் அம்மரத்தை மலாய்க்காரர்கள் பெரெம்பாங் என்பர். அறிவியல் பெயர் சொன்னரேசியா கேசியோலாரிஸ். புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னராவின் பெயரால் அமைந்த பேரினம் இது.

அடையாளங்கள்

காற்றில்லாத சேற்றில் வேர்கள் சுவாசிக்க, கூரிய மூச்சுவேர்கள் மேல்நோக்கி முளைக்கின்றன. பூக்கள் மாலையில் மலர்ந்து, எண்ணற்ற மகரந்தத் தாள்களைத் தூரிகைபோல் விரிக்கும். மறுநாள் அவை உதிர்ந்துவிடும். தேன் குடிக்க வரும் வௌவால்களே மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. பத்துமலைக் குகையில் வாழும் தேன் வௌவால்களும் கடலோரம்வரை பறந்து சொன்னரேசியா தேனை நாடுகின்றன. டுரியான் காய்ப்பதற்குத் துணைபுரிவதும் அதே வௌவால்கள்தாம்.

கலைந்த குடும்பம்

முன்பு சொன்னரேசியாவும், உள்நாட்டுக் காடுகளில் வளரும் டுவாபாங்காவும் சேர்ந்து, இரண்டே பேரினங்கள் கொண்ட தனிக் குடும்பமாகக் கருதப்பட்டன. 1998இல் வெளிவந்த ஏபிஜி வகைப்பாடு, மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் அவற்றை மருதாணி இடம்பெறும் லித்ரேசி குடும்பத்தில் சேர்த்தது. மாதுளையும் அதே குடும்பம்தான். மாதுளையின் தலையிலுள்ள கிரீடத்தையும், பெரெம்பாங் காயில் நட்சத்திரமாக நிற்கும் புல்லிவட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு வியப்பும் உண்டு. சொன்னரேசியாவின் மிக நெருங்கிய உறவு டுவாபாங்கா அன்று. சீனர்களின் விளக்குத் திருவிழாக் காலத்தில் சந்தைக்கு வரும், எருமைக் கொம்பு வடிவக் கறுப்புக் காயைத் தரும் நீர்ச்செடி! வௌவால்களை ஈர்க்கும் பெரிய இரவுப் பூக்கள் இரண்டு மரங்களுக்கும் இருந்ததால், அவை நெருங்கிய உறவுபோல் தோன்றின. தோற்ற ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது என்பதே உயிரியல் மாணவர்களுக்கு இதிலுள்ள பாடம்.

கரை இருந்தால்தான் ஒளி

மின்மினியின் புழுப்பருவம் மரத்தில் கழிவதில்லை. ஈரமான கரைநிலத்தில் நத்தைகளைத் தின்றே அது வளர்கிறது. செம்பனைக்காகவோ கட்டடத்துக்காகவோ ஆற்றோரம்வரை நிலத்தை வெட்டித் திருத்தினால், புழுவுக்கு இடமும் போகும்; மின்மினி கூட மரமும் போகும். புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த ஆறு அந்நியமன்று. மாணவர்களே, அடுத்த முறை படகேறும் முன், பகலிலேயே சென்று அந்த மரத்தைப் பாருங்கள்.