நான்கு பேரிடம் சிதறிய கோப்பு

காவிரி டெல்டாவின் பாபநாசம் வட்டாரத்தில் குறுவை நெல்லோ சம்பா நெல்லோ, புழுங்கல் அரிசியாவதற்குள் தண்ணீரையும் புகையையும் சாம்பலையும் விட்டுவிட்டுத்தான் போகிறது. ஒரு டன் நெல்லை ஊறவைக்க ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். வடித்துவிடும் நீர் புளித்து நாறும். அந்த நெல்லின் உமி சுமார் 200 கிலோ. அதைக் கொதிகலனில் எரித்தால் ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும் இதனால்தான் அரிசி ஆலையின் வாசலுக்கு வருகின்றன. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. சுற்றுச்சூழல் அறிக்கையைச் செப்டம்பர் 30-க்குள் தர வேண்டும். ஜெனரேட்டரில் வடித்த பழைய ஆயில் அபாயக் கழிவு. அதன் ஆண்டுக் கணக்குக்கு ஜூன் 30 கெடு. பாய்லர் சான்று தனி.

பெரிய தொழிற்சாலையில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருப்பார். சிறிய ஆலையிலோ இசைவாணை முதலாளியின் பீரோவில், பாய்லர் சான்று ஆபரேட்டரிடம், ஆயில் விற்ற ரசீது கணக்கரிடம், தண்ணீர்ப் பரிசோதனை முடிவு ஆலோசகரின் லேப்டாப்பில். கெடு தவறுவதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, இந்தச் சிதறலே போதும். நால்வரும் எழுதவும் பார்க்கவும் கூடிய ஒரே பதிவேடு, கெடு நெருங்கும்போது நினைவூட்டும் ஏற்பாடு: கூட்டாகப் பயன்படுத்தும் மென்பொருளின் சாரம் இவ்வளவுதான். லட்சங்கள் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. செல்போனில் பகிர்ந்துகொள்ளும் இலவச விரிதாளிலேயே தொடங்கலாம்.

எழுதி வைத்தால் அதுவே நமக்கு எதிரான சாட்சியாகாதா என்று ஆலைக்காரர்கள் கேட்கலாம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பழைய ஆயிலுக்குப் பதிவேடு இல்லாததே விதிமீறல். அந்த விதிகளின் தாய்ச் சட்டமான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். பழுது எப்போது தெரிந்தது, எப்போது சரிசெய்தோம் என்று காட்ட, தேதியிட்ட பதிவைவிட வேறென்ன கையில் இருக்கும்?

மென்பொருள் தண்ணீரைச் சுத்தம் செய்யாது என்பதும் சரியே. திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. காகிதத்தைச் சரிசெய்து அவை மீளவில்லை, கழிவுநீர் வெளியேறாதபடி சுத்திகரித்தே மீண்டன. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு பட்டறை அதிகமாக விட்டால் சுமை எல்லோர் தலையிலும் விழும். அங்கே அளவுகள் பொதுவில் தெரிவது அவசியம். டெல்டாவில் ஆலைகள் ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன, பொது நிலையம் எளிதல்ல. பொதுப் படிவம் எளிது. அதை ஆலை உரிமையாளர் சங்கங்கள் தயாரித்து, ஊறல் தண்ணீரின் பரிசோதனை முடிவை முதல் பத்தியாகப் போட்டு, அடுத்த ஜூன் கெடுவுக்கு முன்பே உறுப்பினர்களிடம் கொடுக்க வேண்டும்.