உங்களுக்குத் தெரியுமா?

மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் உள்ள பாஸ்போர்ட் அலுவலகம் 2007-இல் வந்தது. அதற்கு முன்பு மதுரைக்காரர்கள் திருச்சி அலுவலகத்தைத்தான் நம்பியிருந்தார்கள். ஆனால் அந்த நீலப் புத்தகம் அச்சாவது நாசிக்கில், இந்தியா செக்யூரிட்டி பிரஸ்ஸில்.

உங்கள் பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியைப் பாருங்கள். இரண்டு வரி, வரிக்கு 44 எழுத்து. வெற்றிடத்தில் எல்லாம் '<' குறி. முதல் வரியில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். நம்மில் பலர் அந்த இடத்தில் அப்பா பெயரைக் கொடுத்திருப்பதால், இனிஷியலை முன்னால் போடும் நம் வழக்கம் இயந்திரத்திடமும் செல்லுபடியாகிறது!

இரண்டாம் வரியில்தான் சூட்சுமம். பிறந்த தேதியை அடுத்து ஓர் ஒற்றை இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். 1990 ஜனவரி 15-இல் பிறந்தவருக்கு 900115 என்று அச்சாகும். இந்த ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால் 78. அதைப் பத்தால் வகுத்தால் மீதி 8. அதுதான் அந்த இலக்கம். தேதியில் ஓர் எண்ணை மட்டும் திருத்தினால் கணக்கு உதைக்கும். உங்கள் தேதிக்கும் போட்டுப் பாருங்களேன்.

இந்தக் கணக்கு தெரிந்த திருடன் என்ன செய்வான்? இலக்கத்தையும் சேர்த்தே மாற்றுவான். அதற்குத்தான் இப்போது இ-பாஸ்போர்ட். முன் அட்டையில் சின்னத் தங்கநிறக் குறி இருந்தால் உள்ளே சிப் உண்டு. அதிலுள்ள விவரங்களுக்கு அரசின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும், சரிபார்க்கும்போது அந்தக் கையொப்பம் பொருந்தாது.