கண்ணுக்குப் பக்கம், காலுக்குத் தூரம்! லைட்ஹவுஸ் குப்பம் போகிறவர்கள் கவனத்துக்கு...

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். பழவேற்காட்டில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். கையில் சாப்பாட்டுப் பை, இடுப்பில் குழந்தை, தலைக்கு மேல் வெயில்.

இறங்கியதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பீச்சுக்கு எவ்வளவு தூரம்?"

கிடைக்கிற பதிலும் ஒன்றுதான். "இதோ, பாலம் தாண்டினா வந்துடும்!"

பொய் இல்லை. பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். அதற்கு அப்பால் வங்கக்கடல். கலங்கரை விளக்கம் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வேறு. கால் நடக்கிற தூரம் வேறு. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. உயிரையே விட்டவர்களும் உண்டு.

60 கி.மீ. பயணம்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுகாவில் இருக்கிறது பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில் ஏறி பொன்னேரியில் இறங்கணும். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போய் பஸ் பிடித்தால் இன்னும் 18 கி.மீ. போல.

ஊருக்குள் பார்க்க வேண்டியவை பல. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம், வாசலில் எலும்புக்கூடு சிற்பங்களோடு நிற்கும் டச்சுக் கல்லறை, பழைய பள்ளிவாசல்கள், ஆதிநாராயணப் பெருமாள் கோயில், மகிமை மாதா ஆலயம். கோட்டை இப்போது சிதைந்து புதராகக் கிடக்கிறது. கல்லறைக் கற்களில் உள்ள எழுத்தும் சித்திரமும் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

இந்தப் பக்கம் நடப்பது கஷ்டம் இல்லை. தெரு உண்டு, கடை உண்டு, டீ உண்டு, நிழல் உண்டு. சிரமம் ஆரம்பிப்பது ஏரியைத் தாண்டிய பிறகுதான்.

நடுவில் ஒரு மணல் துண்டு

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது நீளமான ஒரு மணல் துண்டு. கிழக்கே கடல், மேற்கே ஏரி. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், சாத்தாங்குப்பம் என்று மீனவர் குப்பங்கள் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. தெற்கே போனால் கோரைக்குப்பம், அதற்கும் தெற்கே காட்டுப்பள்ளி. வடக்கே போனால் ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரம்.

தார் ரோடு இருக்கும்வரை நடை நடையாகவே இருக்கும். ரோட்டை விட்டு மணலில் கால் வைத்ததும் கதை மாறிவிடும். ஓரடி எடுத்து வைத்தால் அரையடி பின்னால் இழுக்கும்.

இது மனப்பிரமை அல்ல. பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானிகள் 1998-ல் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். கெட்டித் தரையில் நடக்கச் செலவாகும் சக்தியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மணலில் நடக்கத் தேவைப்படுகிறதாம்! ஒரு கிலோமீட்டர் மணல் நடை, ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்ததற்குச் சமம். அதிலும் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு தண்ணீர்க் கேன் என்றால் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவிலும் இதே புலம்பல்

நடைதூரப் புலம்பல் பழவேற்காட்டுக்கு மட்டும் சொந்தம் அல்ல. கோடிக்கணக்கில் பணம் புரளும் அமெரிக்க உல்லாச நகரங்களிலும் இதே கேள்விதான். "ரூமிலிருந்து பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்?"

புளோரிடா மாநிலத்தில் 1971 அக்டோபர் 1-ந்தேதி திறக்கப்பட்டது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. பரப்பளவு சுமார் 100 சதுர கிலோமீட்டர். பூங்காக்கள், ஓட்டல்கள், ஏரிகள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மேஜிக் கிங்டம் என்ற பூங்காவுக்கு காரில் வருகிறவர்கள், காரை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போக முடியாது. நடுவில் செயற்கை ஏரி. ஒன்று, பெரிய படகில் ஏறி அக்கரை போகணும். இல்லாவிட்டால், ஏரிக்கரை ஓரமாக ஓடும் மோனோ ரயிலில் சுற்றிக்கொண்டு போகணும்.

அங்கே 1988-ல் திறந்த "கரீபியன் பீச்" என்ற ஓட்டல் ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் கொண்டது. ஒரு ஏரியைச் சுற்றித் தனித்தனி கட்டடத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தீவின் பெயர். அந்தத் தொகுதிகளை "கிராமம்" என்றே சொல்கிறார்கள்! ஓட்டலுக்குள்ளேயே ஓட்டல் பஸ் ஓடுகிறது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் அறை வேண்டும் என்றால் வாடகை ஜாஸ்தி. நடையைக் குறைக்க காசு! 2019-ல் அந்த ஓட்டலிலிருந்து பூங்காவுக்கு ரோப் கார் வேறு விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. ஐதராபாத் பக்கத்தில் உள்ள ராமோஜி திரைப்பட நகரில், வருகிறவர்களை பஸ்ஸில் ஏற்றித்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். நடந்து பார்த்து முடிக்கிற இடம் அல்ல அது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்த இடங்களில் எல்லாம் தூரத்தை மனிதன் வகுத்தான். அதைக் கடக்க வண்டியையும் படகையும் அவனே ஏற்பாடு செய்தான். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. தடுத்து நிறுத்த ஆள் உண்டு. பழவேற்காட்டில் தூரத்தை வகுத்தது கடலும் ஏரியும். மழைக்காலத்தில் சுமார் 450 சதுர கி.மீ.க்கு விரிகிற ஏரி, கோடையில் 250 சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். இன்று நடந்த இடத்தில் நாளைக்குத் தண்ணீர் நிற்கும்.

22 பேர் ஜலசமாதி

"இவ்வளவு நடப்பானேன்? ஒரு படகு பிடித்தால் முகத்துவாரத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடலாமே!" இப்படித்தான் ரொம்ப நாள் எல்லோரும் நினைத்தார்கள்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் தினம். உல்லாசப் பயணம் வந்த கூட்டம் ஒன்று படகில் ஏறியது. படகு கவிழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உள்பட 22 பேர் பரிதாபமாக இறந்தார்கள். பண்டிகை நாள் துக்க நாள் ஆயிற்று.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். "இடுப்பளவு தண்ணீர்தானே" என்ற அலட்சியம் அதனால்தான் வருகிறது. முகத்துவாரத்தின் பக்கம் நிலைமையே வேறு. ஏற்றவற்றத்தின்போது தண்ணீர் ஆறு மாதிரி இழுக்கும். கடல் அலை எதிரே வந்து மோதும். மீன்பிடிப் படகு வலைக்கும் நாலைந்து ஆட்களுக்கும் செய்தது. எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குச் செய்தது அல்ல.

அந்த விபத்துக்குப் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை போடப்பட்டது. "வாங்க சார், சும்மா ஒரு ரவுண்டு" என்று யாராவது கூப்பிட்டால், அந்த 22 பேரை நினைத்துக்கொள்வது நல்லது.

எதிரே தெரியுது ஸ்ரீஹரிகோட்டா!

முகத்துவாரத்துக்கு வடக்கே, தண்ணீருக்கு அப்பால் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முதலாகப் புறப்பட்ட தீவு. இன்றைக்கும் ராக்கெட் விடும் நாளில் பழவேற்காடு கடற்கரையில் கூட்டம் கூடிவிடுகிறது.

"இவ்வளவு பக்கத்தில் இருக்கே, போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டால், முடியாது. தடை செய்யப்பட்ட பகுதி. முறைப்படி அனுமதி வாங்கியவர்கள்கூட இந்த வழியாகப் போக முடியாது. வந்த வழியே பொன்னேரி திரும்பி, கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திரத்தில் சூலூர்பேட்டை போய், அங்கிருந்து ஏரியின் குறுக்கே போட்ட சாலையில் போகணும். தண்ணீரைத் தாண்டினால் எட்டிவிடுகிற இடத்துக்கு ஊர் சுற்றிப் பயணம்!

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ரோட்டைவிடத் தண்ணீர்தான் வழி. எண்ணூர் வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் பழவேற்காடு ஏரியைத் தொட்டு ஆந்திரா வரை போனது. உப்பும் விறகும் நெல்லும் படகில் சென்னைக்கு வந்தன. பாய் விரித்தும், கரையில் கயிறு பிடித்து இழுத்தும் படகு போன அந்த வழி இன்று தூர்ந்து கிடக்கிறது.

அவர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல

பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த நடை ஒருநாள் கூத்து. குப்பத்து ஜனங்களுக்கோ தினசரி பிழைப்பு.

மேல்நிலைப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கடைத்தெரு எல்லாம் ஏரிக்கு மேற்குப் பக்கம். தாலுகா ஆபீஸ் பொன்னேரியில். பிள்ளைகள் படிக்கப் போனாலும், பெண்கள் மீன் கூடையோடு கிளம்பினாலும், ராத்திரியில் பிரசவ வலி எடுத்தாலும் பாலம் தாண்டித்தான் ஆகணும்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்தக் குப்பங்களும் தப்பவில்லை. முன்னால் கடல், பின்னால் ஏரி. மேட்டு நிலம் தேடி ஓட இடம் இல்லாத மணல் துண்டு இது. புயல், மழை என்றால் கடல் பொங்கி, தெற்கே போகும் ரோட்டில் தண்ணீரும் மணலும் ஏறிவிடுவது உண்டு. அப்போது மிஞ்சுவது பாலம் ஒன்றுதான். இங்கே பாலம் என்பது வெறும் போக்குவரத்து அல்ல. உயிர் பிழைக்கும் வழி.

முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துவிட்டால் வேறு தலைவலி. ஏரிப்பக்கம் கட்டிய படகு கடலுக்குப் போக வழி இல்லை. படகு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம்! அரசாங்கம் இயந்திரம் கொண்டு வரும்வரை காத்திருக்காமல், மீனவர்களே ஒன்று சேர்ந்து மணலை வெட்டி வழி திறந்ததும் உண்டு. முகத்துவாரத்தின் இருபுறமும் கல் கொட்டி அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு கையில் எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

நடையே தொழிலான ஜனங்களும் இருக்கிறார்கள். எண்ணூர் முதல் பழவேற்காடு வரை உப்பங்கழிகளில் இருளர் பெண்கள், இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நடந்து, கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட, பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு நடக்கிறார்கள். வெறும் கையோடு வந்து "கால் வலிக்குது" என்கிறவர்கள் ஒரு நிமிஷம் அவர்களைப் பார்க்கணும்.

போகிறவர்களுக்கு...

காலையிலேயே கிளம்புங்கள். உச்சி வெயிலில் மணல் தணலாகக் கொதிக்கும். செருப்பு இல்லாமல் இறங்கினால் பாதம் பழுத்துவிடும்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் திரும்பிப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நடைக்கு, வந்ததைவிட ஜாஸ்தி நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் காலும் ஓய்ந்திருக்கும், குழந்தையும் தூங்கிவிடும்.

வயசானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் பாலத்தை நடந்து கடக்க வீம்பு பண்ண வேண்டாம். ஆட்டோ பேசிக்கொண்டு போகலாம். ஏறுவதற்கு முன்பே போகவர எவ்வளவு என்று பேசி முடித்துவிடணும்.

குடிதண்ணீர் கையோடு கொண்டு போங்கள். கடற்கரையில் மர நிழலை நம்பாதீர்கள்.

கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி நடந்தால் திசை தப்பாது. ஆனால் முகத்துவாரம் வரை மணலில் நடந்து போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். போனாலும் அங்கே தண்ணீரில் இறங்கக்கூடாது. நீச்சல் தெரிந்தவனையும் அந்த இழுப்பு விடாது.

பூநாரை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அக்டோபர் முதல் மார்ச் வரை வரலாம். கரையில் நின்றே பாருங்கள்.

குப்பத்துக்குள் வலை உலர்த்தியிருப்பார்கள், கருவாடு காயவைத்திருப்பார்கள். அதை மிதித்துக்கொண்டு குறுக்கு வழி போகாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் நாலு நாள் சோறு.

முக்கியமாக ஒன்று. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறவர்கள் விடுமுறை நாளில் ஏராளம். பின்னால் வருகிற ஆட்டோவில் பிரசவத்துக்குப் போகிறவள் இருக்கலாம். ஏலத்துக்குப் போகிற மீன் இருக்கலாம். ஐஸ் கரைந்தால் விலை போச்சு. வண்டியை அக்கரையில் ஓரமாக நிறுத்திவிட்டு, நாலு எட்டு நடந்து வந்து படம் எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.