உயிர்ப் புழு விற்போர் கவனத்திற்கு

வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது சென்னை கொளத்தூர். அங்கே மீன் கொள்முதல் செய்யும்போது நாம் துடுப்பைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம். தீனிக்கு வாங்கும் புழுவை மட்டும் பார்க்காமலே பையில் கட்டிக்கொள்கிறோம்.

டியூபிஃபெக்ஸ் எனும் செம்புழு சாக்கடைச் சேற்றிலும் வளர்வது. பிராணவாயு குறைந்த நீரிலும் பிழைக்கும். அந்தச் சேற்றின் கிருமி அதன் குடலோடு நம் கடைக்கும் வந்துவிடும். வந்த அன்றே அள்ளி விற்றால் வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டியில் மீன் மிதக்கலாம். பழி நம் தலையில்தான்.

அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாளாவது நீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளோரின் வாடையுள்ள குழாய் நீர் ஆகாது. பிடித்துவைத்த நீரே நல்லது. உயிருள்ள புழு உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். வெளுத்துக் கலைந்தது செத்தது. உடனே அகற்றாவிட்டால் தட்டு முழுவதும் நாறிவிடும். கீரை விற்பவருக்கு இதைச் சொல்லவா வேண்டும்? எவ்வளவு கழுவினாலும் கிருமி முழுதும் போகாது என்பதையும் வாடிக்கையாளரிடம் மறைக்க வேண்டாம்.

சிறு கடைக்கு எங்கள் யோசனை ஆர்டீமியா முட்டை. விலை கூடுதல்தான். ஆனால் ஈரம் படாமல் மூடிவைத்தால் சரக்கு கெடாது. உப்பு நீரில் காற்று விட்டால் ஒன்றரை நாளுக்குள் பொரியும். மீன்குஞ்சுகளுக்கு ஏற்ற தீனி. பொரித்ததை நல்ல நீரில் அலசிவிட்டுப் போடச் சொல்லுங்கள். முட்டை ஓடு சேர வேண்டாம்.